முதல் கோலின் சத்தம்

அந்த ஊரில் கோல் விழுந்தால் யாரும் கத்த மாட்டார்கள். பந்து வலைக்குள் போன உடனே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு எழுந்து நின்று, தீபாராதனைக்கு நிற்கிறவர்கள் போலக் கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, காதை மட்டும் தீட்டி வைத்துக்கொள்வார்கள். வெளியூரிலிருந்து ஆட வந்த பையன்கள் இதைப் பார்த்து முதலில் மிரண்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள், கடைசியில் தங்கள் ஊருக்குப் போய், திண்டுக்கல்லில் கோல் விழுந்தால் இழவு விழுந்த மாதிரி இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, அவர்களுடைய ஆள் யாரும் அந்தச் சத்தத்துக்குள் இல்லை.

கால்பந்து அந்த ஊருக்குப் புதிதில்லை. மலைக்கோட்டையின் நிழல் விழுகிற தூரத்துக்குள் எத்தனை பள்ளிக்கூடம் உண்டோ அத்தனையிலும் பிள்ளைகள் வெறுங்காலில் பந்தை உதைத்து நகம் பெயர்ந்து வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் சம்பளம் வாங்கி ஆடுகிற டீம், ஊர்ப் பெயரை நெஞ்சில் அச்சடித்துக்கொண்டு டிவியில் ஆடுகிற டீம் வரப்போகிறது என்றதும், டீக்கடை, பூ மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு எங்கும் ஒரே கேள்விதான். சென்னைக்குச் சரி, கோயமுத்தூருக்குச் சரி, நமக்கு எதற்கு இந்த யானை, கட்டித் தீனி போட முடியுமா? டீமுக்குச் செயலாளராக இருந்த இக்னேஷியஸ் சார், முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், விசில் ஊதி ஊதிக் கன்னம் தொங்கிப்போனவர், கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் சொன்னார். "ஊர் கூடுனா தேர் நகரும்யா. வந்து வடத்தப் புடிங்க."

பங்குனியில் கரூர் ரோட்டுப் புது மைதானத்தில் முதல் ஆட்டம் நடந்தபோது ஊர் உண்மையிலேயே கூடிவிட்டது. பதினோராயிரம் பேர். அதில் ஒருவர் வெள்ளைச்சாமி, வேடசந்தூர் வழியாகக் கரூர் போகிற தனியார் பஸ்ஸின் கண்டக்டர். நாளெல்லாம் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, ஆள் ஏறினால் "போலாம் ரைட்", ஆள் இறங்க வேண்டுமென்றால் "ஹோல்டேன் ஹோல்டேன்" என்று கத்தி, இருந்த குரலையெல்லாம் ரோட்டிலேயே செலவழித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர். வீட்டில் அவருக்கு மூன்று வார்த்தைதான். ம், சரி, வை. "ஊரெல்லாம் அந்தக் கத்து கத்துறீங்க, வீட்டுக்கு வந்தா வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க" என்று அவருடைய மனைவி நாகஜோதி கேட்டால் அதற்கும் "ம்" என்றுதான் சொல்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதிசயமாக ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினார். "மேச்சுக்கு வர்றியா?" என்று கேட்டார். நாகஜோதி நூல் மில்லில் ஷிப்டு முடித்து வந்திருந்தாள், கால் வலி, ஊறப்போட்ட அரிசி வேறு காத்திருந்தது. "எனக்கு என்ன தெரியும் அதப் பத்தி. நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் மணிப்பூரிலிருந்து வந்த ஒருவன் கோல் போட்டான். அவன் பெயர் இப்போது ஊரில் யாருக்கும் நினைவில்லை, அடுத்த வருஷமே வேறு டீமுக்குப் போய்விட்டான். ஆனால் அன்றைக்குப் பதினோராயிரம் பேரும் அடிவயிற்றிலிருந்து கத்திய கத்து மலைக்கோட்டையில் போய் முட்டித் திரும்பியது. வெள்ளைச்சாமி தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தார். வெந்நீர் கேட்டார், குடித்தார், காரணமில்லாமல் சிரித்தார், படுத்தார். விடிந்து அவள் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, நாகஜோதி போனில் தேடிப் பார்த்தாள். போட்டோ இருந்தது. அவருடைய குரல் மட்டும் எங்கும் இல்லை. அவள் அனுப்பிய எல்லாவற்றுக்கும் அவர் கட்டைவிரலைத்தான் காட்டியிருந்தார்.

இரண்டாவது ஆட்டத்தில் கோல் விழுந்தபோது ஜனங்கள் கத்துவதற்கு வாயைத் திறந்தார்கள். அவர்கள் தொண்டையிலிருந்து சத்தம் வருவதற்கு முன் தரையிலிருந்து வந்துவிட்டது. புல்லுக்கு அடியிலிருந்து கிளம்பி, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறித் தலைக்கு மேல் போனது. கிழக்கு கேலரியில் யாரோ அடித்த விசிலில் தொடங்கி, நடுவில் ஒரு குழந்தையின் அழுகையும் சுண்டல்காரரின் கூவலும் கலந்து, அன்றைக்குக் கத்திய அதே கத்து, ஒரு இழை குறையாமல். ஜனங்கள் திறந்த வாயை மூடிக்கொண்டார்கள். "இது போன தடவ கத்துனதுல்ல?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, என் இருமலு கூடக் கேக்குது பாரு" என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அவ்வளவுதான். ஆட்டம் தொடர்ந்து நடந்தது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். பாறை சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது என்றார்கள் சிலர். புது மண், ஈரம் காயாமல் இருந்தது, அதில் பதிந்துவிட்டது என்றார்கள் சிலர். போனில் பிடித்துப் பார்த்தால் வெறும் காற்றுதான் பதிந்தது, டிவிக்காரர்களின் மைக்கிலும் அப்படியே, ஆகவே இது நம்ம ஊர்க் காதுக்கு மட்டும் என்று பெருமைப்பட்டுக்கொண்டார்கள். நம் ஊர் டீம் நிஜ ஆட்டத்தில் கோல் போட்டால் மட்டும்தான் வரும், சும்மா இருக்கும்போது போய்ப் பந்தை வலைக்குள் தள்ளினால் வராது என்பதையும் கண்டுபிடித்தார்கள். முதல் கோலுக்குக் கத்தியவர்களுக்குத் தனி மரியாதை வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை அந்தச் சத்தத்தில் இருக்கிறாரா என்று கேட்டார்கள். துபாய்க்குப் போன புருஷனின் குரலைக் கேட்கப் புள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு வாய்விட்டுக் கத்திய ஒருவரை, "உன் கத்து யாருக்கய்யா வேணும், எங்க கத்த மறைக்கிற" என்று நாலு பேர் சேர்ந்து வெளியே தள்ளினார்கள். அதற்குப் பிறகுதான் வாயை மூடிக்கொள்வது வழக்கமானது. செருப்பைக் கழற்றுவது எப்போது சேர்ந்தது என்று தெரியவில்லை.

நாகஜோதி முதலில் போனது ஆடி மாதம், பக்கத்து வீட்டுக்காரி வற்புறுத்தியதால். அன்று கோல் விழுந்தது. சத்தம் எழுந்து அவளைத் தாண்டி மேலே போனது. இருபது வருஷமாக மில் இரைச்சலுக்கு நடுவில் நாலு மெஷின் தள்ளி நிற்கிறவள் பேசுவதைக் கேட்டுப் பழகிய காது அவளுடையது. எல்லோரும் கோல் கோல் என்று கத்தி மூச்சு முடிந்து, சத்தம் அடங்கி, அவ்வளவுதான் என்று ஜனங்கள் உட்காரப்போன நேரத்தில், அதன் வாலில், தனியாக, கம்பீரமாக ஒரு குரல் வந்தது. "போலாம் ரைட்."

கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர், சந்தோஷம் வந்தால் என்ன கத்துவது என்று தெரியாமல், தெரிந்ததைக் கத்தியிருக்கிறார். அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து உள்ளூரில் நடக்கும் ஒரு ஆட்டத்தையும் அவள் விடவில்லை. ஷிப்டை மாற்றிக்கொண்டாள், மாற்ற முடியாதபோது லீவு போட்டாள். கிழக்கு கேலரியில் ஒரே இடத்தில் உட்கார்ந்தாள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று அவளுக்குக் கடைசி வரை புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. கோல் விழ வேண்டும், அவ்வளவுதான். அந்த டீமோ கோல் போடுகிற ஜாதி இல்லை. மாதக்கணக்கில் தோற்றது, தோற்காத நாளில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். கோல் இல்லாத நாளில் அவள் வெறும் காதோடு வீட்டுக்குத் திரும்பி, அவர் தட்டை எடுத்துக் கழுவி, துடைத்து, மறுபடி அலமாரியில் வைத்தாள்.

இதற்குள் ஊர் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. நம்ம சத்தம்தான் அங்கேயே இருக்கிறதே, நாம் எதற்குப் போக வேண்டும் என்று முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது, ஆனால் சொன்னவுடன் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. உண்டியலில் போட்ட காசைப் போலத்தான். ஒரு தடவை போட்டாயிற்று, சாமி வைத்துக்கொண்டது, தினமும் போய் நிற்க வேண்டுமா? ஆட்டம் நடக்கிற சாயங்காலங்களில் குடும்பம் குடும்பமாக மொட்டை மாடியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கோல் விழுந்தால் கரூர் ரோட்டுப் பக்கமிருந்து அவர்களுடைய சத்தம் காற்றில் வந்தது. "அப்பா குரல் கேட்டுச்சா?" என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்கள். மைதானத்தில் பதினோராயிரம் பேர் ஆயிரம் ஆனார்கள், ஆயிரம் ஐந்நூறு ஆனார்கள், ஐந்நூறு இருநூறு ஆனார்கள். காலி நாற்காலிகளில் காக்கை உட்கார்ந்து ஆட்டம் பார்த்தது. ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை இக்னேஷியஸ் சார் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தார்.

இந்த ஊருக்கு ஒரு டீம் தாங்குமா என்று பார்ப்பதற்காக லீக்கிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சென்னைக்காரர், கண்ணியமான மனிதர். அன்றைக்கென்று கோல் விழுந்தது. சத்தம் எழுந்தபோது அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார், சுற்றிலும் பார்த்தார், இருநூறு பேர் கைகட்டி நிற்பதைப் பார்த்தார்.

"இவ்வளவு சத்தம் கேட்குது, ஆளு எங்க சார்?"

"வீட்ல இருக்காங்க" என்றார் இக்னேஷியஸ் சார். "சத்தம் மட்டும்தான் இங்க."

"சத்தத்தை வச்சு நான் என்ன செய்யறது? நாற்காலியில ஆளு வேணும். ஆளு வந்து கத்தணும். கடைசி ஆட்டம் வரைக்கும் பார்க்கிறோம். இல்லேன்னா பெரிய ஊரு ரெண்டு மூணு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நாகஜோதிக்கு இது காதில் விழுந்தது. மற்றவர்களுக்கு டீம் போனால் ஒரு பொழுதுபோக்கு போகும். அவளுக்கு வெள்ளைச்சாமி இரண்டாம் தடவை போவார்.

அன்று வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது, கோல் போட்ட பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். ரெக்சன், கன்னியாகுமரிப் பக்கம் தூத்தூர்க் கடற்கரைப் பையன், அந்த வருஷம் வந்து சேர்ந்தவன், டீமில் கோல் போடத் தெரிந்த ஒரே ஆள்.

"அக்கா, நான் கோல் போடும்போதெல்லாம் நீங்க அழுதிட்டு நிக்கியளே. எதுக்கு?"

அவள் சொன்னாள். பஸ், கொழுக்கட்டை, வெந்நீர், போலாம் ரைட், எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான்.

"உள்ளதச் சொல்லட்டா அக்கா? எனக்க கோலுக்கு இது வரைக்கும் ஒரு மனுஷரும் கத்துனதில்ல. வேற எவனோ போட்ட கோலுக்குக் கத்துன கத்து எனக்க தலைக்கு மேல போவுது. நான் கையத் தூக்கிட்டு ஓடுவேன், எல்லாரும் கண்ண மூடிட்டு நிக்கியாவ. வீட்டுல அப்பா டிவில பாக்கியாரு. என்னடே, அந்த ஊருல உன்ன ஒருத்தனும் மதிக்க மாட்டானான்னு கேக்கியாரு. நான் என்ன சொல்லட்டு?"

நாகஜோதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவனுடைய ஒவ்வொரு கோலையும் அவள்தான் வாங்கிக்கொண்டிருந்தாள், ஒரு நாளும் அவனை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அந்தக் குற்றவுணர்ச்சி அவளை விடவில்லை. மில்லில் நூல் அறுந்து அறுந்து விழ, அவள் ஒட்டி ஒட்டிப் போட்டுக்கொண்டே யோசித்தாள். ஆள் வர வேண்டும், வந்தவர்கள் கத்த வேண்டும். கத்தினால் பழைய சத்தம் கேட்காமல் போகுமே? போகாது என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அவர் குரல் கடைசியில்தானே வருகிறது, ஊர் கத்தி மூச்சு வாங்கின பிறகு வாலில்தானே வருகிறது. கத்தட்டும், கத்தி முடிக்கட்டும். நாம் பொறுமையாக இருந்து கேட்டுக்கொள்ளலாம்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின வாரமெல்லாம் அவளும் இக்னேஷியஸ் சாரும் வெள்ளைச்சாமியின் பஸ்ஸிலேயே ஏறி, வேடசந்தூர் வரைக்கும் போய்த் திரும்பி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆளைக் கூப்பிட்டார்கள். வீதி வீதியாகப் போனார்கள். மாடியில் உட்கார்ந்தவர்களைக் கீழே கூப்பிட்டு நிறுத்தினார்கள். "வந்து வாயத் தொறந்து கத்துங்க. அந்தப் பையனுக்காகக் கத்துங்க" என்றாள் நாகஜோதி.

"ஏம்மா, நீயா சொல்ற? உன் வீட்டுக்காரரு அதுக்குள்ள இருக்காரேம்மா" என்றார் பூ மார்க்கெட்டில் ஒருவர்.

"இருக்கட்டும்ண்ணே. டீமு போயிருச்சுன்னா அவரும் போயிருவாரு. நீங்க வாங்க."

வந்தார்கள். புருஷனை அந்தச் சத்தத்தில் வைத்திருக்கிறவளே வந்து கூப்பிடும்போது எப்படிப் போகாமலிருப்பது என்று வந்தார்கள். முதல் நாள் வந்ததை விடக் கூடுதலாக வந்தார்கள், படியில் உட்கார்ந்தார்கள், சுவரில் ஏறினார்கள். ரெக்சன் மைதானத்துக்குள் ஓடி வந்ததும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். யாரும் செருப்பைக் கழற்றவில்லை. நாகஜோதி மட்டும் பழக்கத்தில் கழற்றி வைத்திருந்தாள்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ரெக்சன் கோல் போட்டான். ஊர் கத்தியது. இரண்டு வருஷம் வாயை மூடி வைத்திருந்த ஊர், அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தியது. அந்தக் கத்துக்கு அடியில் நாகஜோதியின் உள்ளங்காலில் பழைய சத்தம் வந்து தொட்டது. கணுக்காலுக்கு ஏறியது. முழங்காலுக்கு ஏறியது. அங்கே நின்றுவிட்டது. உட்கார இடமில்லாத வீட்டில் வாசலோடு நின்று எட்டிப் பார்க்கிற விருந்தாளி மாதிரி நின்றது. முடியட்டும், மூச்சு முடியட்டும் என்று அவள் காத்திருந்தாள். முடியவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டார். முழங்காலில் நின்றது கணுக்காலுக்கு இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. எங்கோ ஆழத்தில் "போலாம்" என்று கேட்டது, அல்லது கேட்டது போல இருந்தது. அதற்குப் பிறகு வர வேண்டிய வார்த்தை வரவில்லை.

அந்த மைதானத்தில் ஒரு நாளும் வாய் திறக்காதவள் அப்போது கத்தினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. என்னங்க என்றால் அந்தக் கூட்டத்தில் யாருக்குக் கேட்கும்? அவர் காதுக்கு எந்தச் சத்தம் கேட்டால் நிற்பாரோ அந்தச் சத்தத்தைப் போட்டாள்.

"ஹோல்டேன்! ஹோல்டேன்!"

ஆட்டத்தை முடிக்கிற விசில் ஊதுவதற்குள் ரெக்சன் இன்னொரு கோல் போட்டான். தொண்டை வறண்டுபோயிருந்த ஜனங்கள் பழைய பழக்கத்தில் சட்டென்று வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டினார்கள். புல்லுக்கு அடியிலிருந்து சத்தம் எழுந்தது. அதில் கிழக்கு கேலரியின் விசில் இல்லை, குழந்தையின் அழுகை இல்லை, சுண்டல்காரர் இல்லை. சற்று முன்னால் அவர்கள் கத்திய கத்துதான் இருந்தது, ரெக்சனுக்குக் கத்திய கத்து. எல்லோருடைய மூச்சும் முடிந்த இடத்தில், வாலில், தனியாக ஒரு பொம்பளைக் குரல் "ஹோல்டேன் ஹோல்டேன்" என்று வந்து முடிந்தது. முன்வரிசைக்காரர்கள் திரும்பி அவளைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்கள். மைதானத்தின் நடுவில் ரெக்சன் இரண்டு கையையும் விரித்து, வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். அவனைக் குற்றம் சொல்ல யாருக்கு மனசு வரும்?

அப்படியும் டீம் போய்விட்டது. அந்த ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்களாம். இக்னேஷியஸ் சார் வீடு தேடி வந்து சொன்னார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒரு நாளைக்கு எந்த ஊரும் கூடும் சார்ங்கிறாங்க. கல்யாணத்துக்கு வந்த கூட்டத்த நம்பிக் குடித்தனம் நடத்த முடியாதுங்கிறாங்க. அதுவும் நெசந்தானம்மா. உன்னக் கூட்டிட்டு அலைஞ்சு உள்ளதயும் தொலைக்க வச்சுட்டேன்."

"நீங்க என்ன சார் செய்வீங்க" என்றாள் நாகஜோதி. அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

ரெக்சன் புது ஊரிலிருந்து ஒரு தடவை போன் செய்தான். இங்கே நல்லா கத்துகிறார்கள் அக்கா, கத்தி முடித்ததும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், தரையில் ஒன்றும் தங்குவதில்லை என்று சொன்னான். நல்லா இருப்பா என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மைதானத்தைப் பூட்டிப் போட்டிருக்கிறார்கள். சித்திரையில் பொருட்காட்சி போடுவார்கள், மற்ற மாதங்களில் புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கும். நாகஜோதி தினமும் காலையில் அதே கரூர் பஸ்ஸில்தான் மில்லுக்குப் போகிறாள். மைதானத்து நிறுத்தம் இன்னும் இருக்கிறது. ஏற ஆளில்லை, இறங்க ஆளில்லை. புதுக் கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு "போலாம் ரைட்" என்கிறான். உள்ளே அவள் குரல் ஹோல்டேன் ஹோல்டேன் என்று மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. அது வெளியே வர ஒரு கோல் விழ வேண்டும், கோல் போட ஊருக்கு ஒரு டீம் வேண்டும். பஸ் நிற்காமல் போகிறது.